தண்ணீர் வரும் வழியே ஒரு நாள்: குமரி மலையோர பைக் சுற்றுக்கு முழுமையான வழிகாட்டி

மலைப் பக்கம் வண்டி எடுக்கலாமா வேண்டாமா என்பதை நான் வானத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. காலை நாளிதழில் மாவட்டச் செய்திப் பக்கத்தின் மூலையில் அணை நீர்மட்டம் போட்டிருப்பார்கள். பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு. அதைத்தான் முதலில் பார்ப்பேன். குமரி மாவட்டத்தின் மலையோரச் சாலைகள் எல்லாம் ஏதோ ஓர் ஆற்றையோ, அணையையோ, சானலையோ (பாசன வாய்க்கால்) ஒட்டித்தான் ஓடுகின்றன. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் சாலை எப்படி இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும்.

நான் சொல்லப்போகும் சுற்று நாகர்கோவிலில் தொடங்கி நாகர்கோவிலிலேயே முடிகிறது. பூதப்பாண்டி, கீரிப்பாறை, சுருளகோடு, பெருஞ்சாணி, குலசேகரம், பேச்சிப்பாறை, திருநந்திக்கரை, திற்பரப்பு, சிதறால், திருவட்டாறு, மாத்தூர், தக்கலை. கிளைப்பாதைகளில் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து சுமார் 120 கிலோமீட்டரிலிருந்து 170 வரை வரும். கேட்பதற்குக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு முழுப் பகல் வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையிலோ வால்பாறையிலோ இருப்பதுபோல வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகளை எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே சாலை பெரிய உயரம் ஏறுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி அடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, குன்றுகளைச் சுற்றிச் சுற்றிப் போகும். வளைவுகள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம், எதிரே வருவது தெரியாதவை. அதற்கு வேறு மாதிரி ஓட்ட வேண்டும்.

எப்போது போவது

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் மாதத்தில்கூட பேச்சிப்பாறைப் பக்கம் நனைந்துகொண்டிருக்கும். அதனால் சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு அங்கத்திய வானிலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

என் விருப்பம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை. ஜனவரியில் ரப்பர் இலை உதிரும். அதுவரை இருட்டாக இருந்த தோட்டத்துக்குள் திடீரென்று வெயில் விழும். பிப்ரவரியில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வரும். அந்தக் காலத்தில்தான் தேன்பெட்டிகளையும் தோட்டத்துக்குள் வரிசையாக வைப்பார்கள். மார்த்தாண்டம் தேன் என்று பெயர் வாங்கி 2023-இல் புவிசார் குறியீடும் பெற்ற தேனில் பெரும்பங்கு இந்த ரப்பர் தளிர் தருவதுதான். ஓட்டுகிறவருக்கு இதில் ஒரு பாடமும் உண்டு: பெட்டிகள் தெரிந்தால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கன்னத்தில் தேனீ கொட்டிய நிலையில் வளைவு திரும்புவது நல்ல அனுபவம் அல்ல.

ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பரும் இரண்டாவது நல்ல காலம். ஒரு மழை ஓய்ந்து அடுத்தது தொடங்காத இடைவெளி. எல்லா ஓடையிலும் தண்ணீர் இருக்கும், சாலை ஓரளவு காய்ந்திருக்கும். அக்டோபர், நவம்பர் வேண்டாம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடியோடு கொட்டும்.

சரி, நீர்மட்டத்தை எப்படிப் படிப்பது? பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணி 77, சிற்றாறு அணைகள் இரண்டும் தலா 18. பேச்சிப்பாறை நாற்பதுகளின் நடுவே ஏறிவிட்டது, மழையும் விடவில்லை என்றால் உபரி நீர் திறக்க வாய்ப்பு அதிகம். திறந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை வரும், கோதையாற்றுப் பக்கம் தாழ்வான பாலங்கள் மூழ்கலாம். அன்றைக்குக் கிளைப்பாதைகளை விட்டுவிடுங்கள். மட்டம் நிதானமாக இருந்து இரண்டு நாளாக மழையும் இல்லையென்றால் தாராளமாகக் கிளம்பலாம்.

கிழமையையும் பாருங்கள். ஞாயிறு திற்பரப்பில் கூட்டம் நெரியும். திங்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. மகா சிவராத்திரியையொட்டிச் சிவாலய ஓட்டம் நடக்கும். முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு, கையில் விசிறியோடு “கோவிந்தா, கோபாலா” என்று சொல்லிக்கொண்டே பக்தர்கள் இரவும் பகலும் ஓடுவார்கள். திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை எல்லாம் அந்த வழியில்தான் இருக்கின்றன. அன்று சாலை அவர்களுடையது. வேடிக்கை பார்ப்பதற்காக அந்தக் கூட்டத்துக்குள் வண்டியை நுழைக்காதீர்கள்.

வண்டியும் பையும்

100 சிசி வண்டி போதும். நான் பல வருடம் 125 சிசி வண்டியில்தான் போனேன், குறையாக எதுவும் தோன்றியதில்லை. ஸ்கூட்டரிலும் போகலாம். ஆனால் சிறிய சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும், அதை நினைவில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள்.

டயர்தான் முக்கியம். நடுப்பகுதியில் பட்டன் இருக்கிறதே என்று பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், வளைவில் சாய்ந்து தொடும் ஓரங்களையும் பாருங்கள். காற்றை வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். நெடுஞ்சாலைக்கு என்று சிலர் கூடுதலாக அடைத்துக்கொண்டு வருவார்கள். ஈரத்தில் அது வழுக்கத்தான் உதவும். பிரேக் கட்டை, செயின் தொய்வு, ஹாரன் மூன்றையும் முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். ஹாரன் இங்கே அவசியம். எதிர்வளைவு தெரியாத இடத்தில் ஒரு தடவை அடிப்பது இந்தச் சாலைகளின் மரியாதை.

பையில் மழைக்கோட்டு (கால்சட்டையோடு சேர்ந்தது, பளிச்சென்ற நிறம்), பஞ்சர் ஒட்டும் பொருட்கள், கிளட்ச் கேபிள் ஒன்று, டார்ச், தண்ணீர், சில்லறைப் பணம். கோதையாற்றுப் பக்கம் போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பணத்துக்கு போனை நம்பாதீர்கள். பெட்ரோல் நாகர்கோவிலில் நிரப்பிவிடுங்கள். விட்டுப்போனால் குலசேகரத்தில் கட்டாயம்.

எந்தத் திசையில் சுற்றுவது

வடக்கே ஏறி, மேற்கே திரும்பி, தெற்கே இறங்கி, கிழக்கே வீடு வந்து சேருங்கள். காரணம் வெயில். காலையில் மேற்கு நோக்கி ஓட்டும்போது சூரியன் முதுகில் இருக்கும். மாலையில் தக்கலையிலிருந்து கிழக்கே வரும்போதும் முதுகில்தான். சூரியன் எதிரே இருந்தால் கண்ணில் குத்தும். மரநிழலும் வெயிலும் மாறி மாறி விழும் சாலையில் அது வெறும் அசௌகரியம் மட்டும் அல்ல, குழி தெரியாது.

காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். மாலை நாலரைக்குள் காட்டை ஒட்டிய சாலைகளை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். இந்த இரண்டு நேரத்தையும் காப்பாற்றினால் நடுவில் எங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் பரவாயில்லை.

முதல் கட்டம்: நாகர்கோவில் – பூதப்பாண்டி – கீரிப்பாறை

வடசேரி தாண்டியதும் நாஞ்சில் நாட்டு வயல் வந்துவிடும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்) நெல் விளையும் மண். நீங்கள் கடக்கும் சிறிய பாலங்களுக்கு அடியில் ஓடும் சானல்களின் தண்ணீர், இன்னும் சில மணி நேரத்தில் நீங்கள் பார்க்கப்போகும் அணைகளிலிருந்து வருவது. அதை மனதில் போட்டுக்கொண்டு ஓட்டினால் இந்தச் சுற்று முழுக்க ஒரே கதையாகத் தெரியும்.

பூதப்பாண்டி பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர். காலையில் பூதலிங்கசாமி கோயில் பக்கம் ஒரு சாயா குடித்துவிட்டு திட்டுவிளை, தடிக்காரன்கோணம் வழியாக மேலே போங்கள். தடிக்காரன்கோணத்துக்குப் பிறகு காற்று மாறும். வயலின் சேற்று வாசனை போய் ரப்பர் பாலின் புளித்த வாசனை வரும். புகைப்புரைகளில் (புகையில் உலர்த்தும் கொட்டகைகள்) ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருக்கும். முதல் முறை வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அது ஊர் வாசனை.

இந்த நேரத்தில் பால்வெட்டும் ஆட்கள் சாலையில் இருப்பார்கள். இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரப் பட்டையைக் கீறத் தொடங்கி, சிரட்டையில் ஊறிய பாலை எடுத்துக்கொண்டு வாளியோடு வருவார்கள். மரங்களுக்கு நடுவிலிருந்து திடீரென்று சாலையில் இறங்குவார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குள் நாம் வந்திருக்கிறோம். வேகத்தை முப்பதுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

கீரிப்பாறைக்கு மேலே காளிகேசம். ஓடையும் பாறையும் காளி கோயிலும் உள்ள இடம், வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சாவடியில் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள், மழை நாட்களில் அடைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக்கைக் கொண்டுபோகாதீர்கள். மாறாமலை, பாலமோர் பக்கம் பிரியும் எஸ்டேட் சாலைகள் ஆசை காட்டும். அவை தோட்டத்துக்கும் காட்டுக்கும் சொந்தமானவை, அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். அந்த மலைகளில் விளையும் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழே கடைகளில் கிடைத்தால் நூறு கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு ஓட்டினால் தூக்கக் கலக்கம் போய்விடும்.

இரண்டாம் கட்டம்: சுருளகோடு – பெருஞ்சாணி

இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நான் விழுந்ததும் இங்கேதான்.

கீரிப்பாறையிலிருந்து இறங்கி சுருளகோடு சாலையைப் பிடித்து மேற்கே திரும்புங்கள். பழையாறு உற்பத்தியாவது சுருளகோட்டுப் பக்கம். அதுவரை நீங்கள் பார்த்த தண்ணீர் கிழக்கே இறங்கி, நாஞ்சில் நாட்டைக் கடந்து, மணக்குடியில் கடலில் சேரும். சுருளகோட்டைத் தாண்டி ஒரு மேட்டைக் கடந்த பிறகு தண்ணீர் மறுபக்கம் ஓடத் தொடங்கும். அது பரளியாற்றில் விழுந்து, கோதையாற்றோடு கலந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகும். அந்த மேட்டில் எந்தப் பலகையும் இல்லை. ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். நான் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்திப் பார்ப்பேன்.

சாலை இங்கே அடர்ந்த நிழலில் போகும். வளைவின் உட்பக்கம் மேட்டிலிருந்து கசியும் தண்ணீர் சாலையைக் குறுக்கே நனைத்துக்கொண்டு ஓடும். வருடம் முழுக்கக் கசிந்தால் அங்கே பாசி பிடிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் ஈரம்போல கறுப்பாகத்தான் தெரியும். அதன்மேல் ரப்பர் இலை விழுந்து கிடந்தால் அதுவும் தெரியாது. நான் அப்படியொரு வளைவில் பாதி சாய்ந்திருந்தபோது பின் பிரேக்கை மிதித்தேன். வண்டி அடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. முழங்கை தேய்ந்தது, கைப்பிடி வளைந்தது, அவ்வளவுதான். மேட்டிலிருந்து ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) சாக்கோடு இறங்கி வந்த ஒரு பெரியவர் வண்டியைத் தூக்கிவிட்டு, கையைத் தன் துண்டால் கட்டிவிட்டார். “மக்களே, தண்ணி ஒழுகுத இடத்துல பிரேக்கு புடிக்கப்பிடாது. வாறதுக்கு முன்னாலயே கொறச்சுட்டு, சும்மா விட்ரணும்” என்றார். அவர் வண்டி ஓட்டுகிறவரா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் மலைச்சாலையில் ஓட்டும் கலை முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. அதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்து நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்து, மெல்லப் பிடித்து. கியரையும் அப்போதே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஆக்ஸிலேட்டரை லேசாக, ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார்ப்பது. கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். எதிரே வரும் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டியும் அந்தப் பக்கமே சாயும்.

இடது வளைவில் ஓரத்தை உரசிக்கொண்டு போகாதீர்கள். மண்ணும் சருகும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும், நடந்து வருகிறவர்களும் அங்கேதான் இருப்பார்கள். உங்கள் பாதியின் நடுவில் இருங்கள். வலது வளைவில் இதற்கு நேர்மாறான ஆசை வரும், சாலையின் நடுவை வெட்டிக்கொண்டு நேராகப் போகத் தோன்றும். சக்கரம் கோட்டுக்குள் இருந்தாலும் சாய்ந்த நிலையில் உங்கள் தலையும் தோளும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். ரப்பர் தடி ஏற்றிய லாரி வந்தால் தடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கமே இருங்கள்.

ஈரமோ பாசியோ குறுக்கே வந்துவிட்டது, குறைக்க நேரமில்லை என்றால் எதையும் செய்யாதீர்கள். பிரேக் வேண்டாம், முறுக்க வேண்டாம், ஹேண்டிலைத் திருப்ப வேண்டாம். வண்டியை முடிந்த அளவு நிமிர்த்தி அப்படியே உருளவிடுங்கள். இரண்டு மீட்டர்தான் இருக்கும், கடந்துவிடும்.

இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சப்படுத்தும் பழக்கம் நம் ஊரில் உண்டு. மலையில் அது ஆபத்து. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடாகி, தேவையான நேரத்தில் பிடிக்காமல் போகும். குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறி வருகிறவருக்குத்தான் முதல் வழி. பேருந்து என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒதுங்கி நின்றுவிடுங்கள். ஆனால் தார் முடியும் இடத்தில் எவ்வளவு பள்ளம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காலை ஊன்றுங்கள்.

இப்படி மெதுவாக வந்தால் பெருஞ்சாணி அணை திடீரென்று திறந்துகொள்ளும். 1950-களின் தொடக்கத்தில் பரளியாற்றின் குறுக்கே கட்டியது. காலை ஒன்பது மணி வெயிலில் தண்ணீருக்குப் பின்னால் மலை அடுக்கடுக்காக நிற்கும். கீழே புத்தன் அணை. தண்ணீர் அங்கேதான் சானல்களுக்குப் பிரிகிறது. பத்மநாபபுரம் புத்தனாறு சானல் தொடங்குவதும் அங்கிருந்துதான்.

மூன்றாம் கட்டம்: குலசேகரம் – பேச்சிப்பாறை – கோதையாறு

பொன்மனை வழியாகக் குலசேகரம் வந்து காலை உணவை முடித்துக்கொள்ளுங்கள். புட்டும் பயறும் பப்படமும் கிடைக்கும். கூடவே ஒரு மட்டிப் பழம். இந்த மாவட்டத்து மட்டி விரல் நீளம்தான் இருக்கும், மணம் அறை முழுக்க நிற்கும். மதியத்துக்கு மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன் கறியும் எங்கே கிடைக்கும் என்று இங்கேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை பத்து கிலோமீட்டருக்குள்தான். திருவிதாங்கூர் அரசர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சின் இங்கேயே காலமானார், அணைக்கு அருகிலேயே அவர் கல்லறை இருக்கிறது. கோடையில் கடைமடை வரை நெல் பச்சையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் என்னால் வர முடிவதில்லை.

இங்கிருந்து சீரோ பாயின்ட், குற்றியாறு, மோதிரமலை வழியாகக் கீழ்க் கோதையாறு வரை ஒரு சாலை போகிறது. அரசுப் பேருந்து ஓடும் சாலைதான், ஆனால் காட்டுக்குள் போகும் சாலை. மேலே மின் நிலையம் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் வந்தது. சோதனைச் சாவடியில் நின்று, எங்கே போகிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். விட்டால் போங்கள். விடவில்லை என்றால் வாதாடாமல் திரும்புங்கள். இது 2008-இல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டின் பகுதி, சாலையை விட்டு உள்ளே இறங்குவது சட்டப்படி குற்றம். மேல் கோதையாறு திருநெல்வேலி மாவட்டத்து மலை. இங்கிருந்து பைக்கில் அங்கே ஏறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காலை ஒன்பதரைக்கு மேல் இந்தச் சாலையில் நுழைந்து, இரண்டு மணிக்குள் வெளியே வருவது என் வழக்கம். காரணம் யானை. 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடித்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைக் கொண்டுவந்து விட்டது மேல் கோதையாற்றுக் காட்டில்தான். அது வருவதற்கு முன்பே இங்கே யானைகள் உண்டு. சாலையில் ஆவி பறக்கும் லத்தி (யானைச் சாணம்) கிடந்தால் அது உங்களுக்கான அறிவிப்புப் பலகை, அங்கேயே திரும்பிவிடுங்கள். யானையே எதிரே நின்றால் நூறு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், எஞ்சினை முறுக்கிச் சத்தம் போடாதீர்கள், போனை எடுக்காதீர்கள். வண்டியை மெல்லத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போங்கள். பின்னால் பேருந்து வந்தால் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். தினமும் வருகிறவர், என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும்.

மோதிரமலை சுற்றுவட்டாரத்தில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். பேச வேண்டுமென்றால் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, வழி கேட்டுப் பேசுங்கள். காட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் போனுக்கும் தெரியாது. “அண்ணாச்சி, மேல மழை உண்டுமா?” என்று கேட்டால், மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லும் பதில் சரியாக இருக்கும்.

இங்கே மழையில் மாட்டினால் ஒரே விதி. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறதென்றால் கடக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழேதானே என்று தோன்றும். கலங்கல் தண்ணீரில் பாலத்தின் விளிம்பு தெரியாது, உருண்டு வரும் கல்லும் தெரியாது. மேட்டில் நின்று காத்திருங்கள். மலைத் தண்ணீர் ஏறுவதுபோலவே வேகமாக வடியவும் செய்யும்.

நான்காம் கட்டம்: திருநந்திக்கரை – திற்பரப்பு

குலசேகரம் திரும்பி திற்பரப்புச் சாலையைப் பிடித்தால் நடுவில் திருநந்திக்கரை. பெரும்பாலான பைக்காரர்கள் நிற்காமல் போகும் இடம். சிவன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பாறையைக் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. வட்டெழுத்துக் கல்வெட்டுகளும், சுவரில் மங்கிப்போன பழைய ஓவியக் கோடுகளும் தெரியும். பகல் உச்சியில்கூட உள்ளே குளிர்ச்சி. ஹெல்மெட்டுக்குள் வெந்த தலைக்கு அதைவிட நல்ல இடம் இந்தச் சுற்றில் இல்லை.

திற்பரப்பில் கோதையாறு சுமார் ஐம்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது. பேச்சிப்பாறையில் பார்த்த அதே தண்ணீர். குளிக்கலாம், ஆனால் பை, சாவி, போன் மூன்றையும் யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டு இறங்குங்கள். ஈரக் காலணியோடு வண்டி எடுக்காதீர்கள், பிரேக் மிதியிலிருந்து வழுக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். வெயிலில் ஐந்து மணி நேரம் ஓட்டிய உடம்புக்குக் குளியலும் சோறும் சேர்ந்தால் கண் சொருகும்.

மணி இன்னும் ஒன்றுதான், உடம்பில் தெம்பும் இருக்கிறது என்றால் ஒரு கூடுதல் கிளை உண்டு. களியல், கடையாலுமூடு, நெட்டா வழியாகப் பத்துகாணி, ஆறுகாணி. கேரள எல்லையை ஒட்டிய மலை. இந்த மாவட்டத்தில் ஏற்றம் என்று சொல்லத்தக்க சாலை இதுதான். வழியெல்லாம் ரப்பருக்கு நடுவே கைதச்சக்கை (அன்னாசிப் பழத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்) நட்டிருப்பார்கள். மேலே ஒரு பக்கம் காளிமலை, ஒரு பக்கம் குருசுமலை. சித்திரா பௌர்ணமியிலும் தவக்காலத்திலும் அங்கே பக்தர்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள், அந்த நாட்களில் வண்டியோடு போக வேண்டாம். கோதையாற்றுக்கும் போய் பத்துகாணிக்கும் போவது ஒரே நாளில் அதிகம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை வருகிறவருக்கு நான் கோதையாற்றைச் சொல்வேன். சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டால் பத்துகாணி.

ஐந்தாம் கட்டம்: சிதறால் – திருவட்டாறு – மாத்தூர் – தக்கலை

இனி சாலை எளிது, போக்குவரத்துதான் அதிகம். அருமனை வழியாகச் சிதறால் வந்து வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மலையேறுங்கள். கல் பாவிய பாதையில் பதினைந்து இருபது நிமிடம். 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துச் சமணச் சிற்பங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன. மேலே நின்றால் காலையிலிருந்து சுற்றிய மலை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்.

ஆற்றூர் தாண்டி திருவட்டாறு. ஆறு வட்டமாகச் சுற்றுவதால் வந்த பெயர். 22 அடி நீளத்தில் ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022-இல் கும்பாபிஷேகம் நடந்தது. மாலை நடை திறக்கும் நேரத்துக்கு வந்தால் தரிசனம். ஜீன்ஸும் ஜாக்கெட்டுமாக நிற்கிறோமே என்று தயக்கமாக இருந்தால் பையில் ஒரு வேட்டி வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

அங்கிருந்து மாத்தூர் பக்கம்தான். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் ஒரு தொட்டிப்பாலம். காமராசர் காலத்து முயற்சி, 1966-இல் முடிந்தது. மேலே போவது பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீர். பாலத்தின் ஓரமாகவே நடந்து போகலாம். சானல் திறந்திருக்கும் மாதங்களில் உங்கள் இடுப்பளவில் தண்ணீர் சலசலவென்று ஓடும், எட்டிப் பார்த்தால் ஆறு கீழே ஓடும். பெருஞ்சாணியில் பரளியாற்றைப் பார்த்தீர்கள் அல்லவா, அதே ஆறு. அதைத் தாண்டி இன்னொரு தண்ணீர் வானத்தில் நடந்து போகிறது. மாலை ஐந்து மணிக்கு அங்கே நிற்பதற்காகவே நான் சிதறாலில் அவசரப்படுவேன்.

பிறகு வேர்க்கிளம்பி, அழகியமண்டபம் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை. பத்மநாபபுரம் அரண்மனையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அரை நாள் தனியாக வேண்டும். அழகியமண்டபத்திலிருந்து நாகர்கோவில் வரை நெரிசல். காலையிலிருந்து வளைவில் இருந்த கவனம் நேர்ச்சாலைக்கு வந்ததும் தளரும், களைப்பும் சேர்ந்திருக்கும். தக்கலையில் ஒரு கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத டீ) ரசவடையும் சாப்பிட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

வீடு வந்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். தோட்டத்துச் செம்மண் காய்ந்தால் செயினில் சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். செயின் சூடாக இருக்கும்போதே துணியால் துடைத்து எண்ணெய் போடுங்கள். பிரேக் கம்பியில் ஒட்டிய சருகை எடுங்கள். டயரில் குத்திய முள் இருக்கிறதா என்று சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மரச்சீனித் தோட்டத்து வேலி முள் அன்றைக்குத் தெரியாது, மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் காற்று இறங்கி நிற்கும்.